பதினொரு பள்ளிகளுக்குப் போன கருந்தங்கம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அமிலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாள் முழுக்க நைட்ரிக் அமிலத்தோடு புழங்குகிறவள் என்பது பாதிக் காரணம். மீதி, அவள் வாய். அந்தப் பெயர் காதுக்கு எட்டியபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இத்தனை பேர் நீர்த்துப்போய்க் கிடக்கிற இடத்துல ஒருத்தியாவது அடர்த்தியா இருக்கணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் குடுவை கழுவப் போய்விட்டாள்.

நீர்த்துப்போனவர்களில் முதல் இடம் ஆய்வுக்கூடத் தலைவருக்கு. அவருக்கும் ஒரு பெயர் இருந்தது: 'சரிங்க சார்'. மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். தான் நிற்பது எதிர்முனைக்குத் தெரியாது என்பது இருபது வருடமாக அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை.

இரண்டாவது இடம், சொல்ல வெட்கமாக இருந்தாலும், அவளுடைய அத்தானுக்கு. அக்காவின் கணவர்; நகரப் பூங்காத் துறையின் தலைமை அதிகாரி. 'என் மரங்கள்' என்றுதான் பேசுவார். அவருடைய மரங்களில் ஒன்றைக் காட்டி அது என்ன மரம் என்று கேட்டால், "நிழல் தர்ற மரம்" என்பார். அலுவலகத்திலிருந்து நானூறு அடி தள்ளியிருக்கும் பூங்காவுக்குக் காரில் போய் இறங்குவார். பேசி முடிக்கும்வரை கார் உறுமிக்கொண்டே நிற்கும். இந்த வேலை அவளுக்குக் கிடைத்ததே தன்னால்தான் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவள் தேர்வெழுதி வந்தவள் என்பதை அக்காவே மறந்து பல காலமாயிற்று.

அத்தானின் மூளையில் உதித்ததுதான் 'கருந்தங்கம்'. வட்டச் சாலையின் இரு பக்கமும் நிற்கும் ஆறாயிரம் மரங்களின் உதிர்ந்த இலைகளைக் கூட்டி, பணிமனைக்குப் பின்னால் குவித்து மக்கவைத்து, கறுப்புப் பையில் தங்க எழுத்துப் போட்டு வீடுகளுக்குக் கொடுக்கும் திட்டம். மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் ஒரு பை ஆய்வுக்கூடத்துக்கு வரும். ஈரப்பதம், புளிப்பு, தழைச்சத்து என்று படிவத்தில் மூன்று கட்டங்கள். அமிலம் மூன்றையும் அளந்து, 'பயன்படுத்தத் தகுந்தது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவாள். அதோடு தீர்ந்தது.

இந்த வருடம்தான் ஆய்வுக்கூடத்துக்கு உலோகம் அளக்கும் இயந்திரம் வந்தது. பொருத்த வந்தவர் சோதித்துக் காட்ட ஏதாவது மாதிரி கேட்டார். கைக்கு எட்டின தூரத்தில் இருந்தது கருந்தங்கம் பை. ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்பில் உலர்த்தி, அரைத்துச் சலித்து, அமிலத்தில் கரைத்து, பழுப்புப் புகை அடங்கும்வரை காய்ச்சி வடிகட்டிக் கொடுத்தாள். இயந்திரம் சுடரில் உறிஞ்சி, திரையில் எண்ணைக் காட்டியது.

ஈயம், கிலோவுக்கு நானூற்றுப் பன்னிரண்டு மில்லிகிராம். உரத்துக்கு நூறுக்கு மேல் போகக் கூடாது.

"மிஷின் புதுசில்ல, செட்டாகணும்" என்றார் வந்தவர், தன் பொருளைப் பற்றித் தானே.

"மிஷின் சரியாத்தான் இருக்கு. மாதிரிதான் சரியில்ல" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவள் மதிய இடைவேளைகளில் வட்டச் சாலைக்குப் போனாள். சிக்னல் மரங்களிலிருந்து இலை, பட்டை, அடிமண். பேருந்து ஓட்டுநரான அவள் கணவர், வண்டி சிவப்பு விளக்கில் நின்றபோது, மனைவி ஒரு மரத்தைச் சுரண்டிக் காகித உறையில் போடுவதைப் பார்த்துவிட்டு வீட்டில் வந்து சொன்னார்: "முப்பது பயணிங்க முன்னாடி மானம் போச்சு. உங்க பொண்டாட்டி மரத்தைச் சுரண்டித் திங்கிறாங்கன்னு யாரும் சொல்லல, அவ்வளவுதான்."

"உங்க பஸ்ஸு கக்குறதைத்தான் அது தின்னுட்டு நிக்குது. நான் அளக்க மட்டும் செய்றேன்."

இலைகளைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியைக் கழுவியும் பார்த்தாள். கழுவியதில் தூசியோடு பெரும்பங்கு போயிற்று. ஆனால் எல்லாம் போகவில்லை. மேல்தோலின் மெழுகுக்குள்ளும் அதற்கும் உள்ளேயும் கொஞ்சம் தங்கியிருந்தது. டயர் தேய்ந்த துத்தநாகம், பிரேக் தேய்ந்த செம்பு, எந்தக் காலத்துப் பெட்ரோலோ விட்டுப்போய் மண்ணிலிருந்து கிளம்பிக்கொண்டே இருக்கும் ஈயம். பத்து மூட்டை இலை மக்கினால் ஒரு மூட்டையாகச் சுருங்கும். உலோகம் சுருங்காது. பத்து மூட்டையில் இருந்தது அப்படியே ஒன்றில் உட்கார்ந்துகொள்ளும்.

திங்கட்கிழமை காகிதங்களை எடுத்துக்கொண்டு அத்தானின் அலுவலகத்துக்குப் போனாள். சுவரில் அவருடைய படங்கள்: பூவாளியோடு, மண்வெட்டியோடு, கன்றோடு. எல்லாவற்றிலும் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

அவர் காகிதத்தைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொண்டார் என்று முதலில் நினைத்தாள்.

"மரம் விஷத்தை உறிஞ்சுதுன்னா நல்ல விஷயம்தானேம்மா. அதுக்குத்தானே மரம் வைக்கிறோம்?"

"உறிஞ்சினதை அது பேங்க்ல போடல அத்தான். இலையா உதிர்க்குது. நீங்க அதைப் பையில கட்டிப் பிள்ளைங்ககிட்ட கொடுக்கப் போறீங்க."

பதினொரு பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போடப் பள்ளிக்கு நாற்பது மூட்டை கொடுப்பதாக ஏற்பாடு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விழா.

"மூணு வருஷமா சரின்னு கையெழுத்துப் போட்டது யாரு? நீதானே?"

அது சுருக்கென்று தைத்தது. "நான்தான். மூணு வருஷமா உலோகம் பாக்கல. இப்ப பாத்துட்டேன்."

"இப்பவும் பாக்காத. ஃபாரத்துல மூணு கட்டம்தானே இருக்கு? நாலாவது கட்டத்தை யாரு கேட்டா?" அவர் சிரித்து, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "உன் வேலையை நீ நல்லாத்தான் செய்யுற. கொஞ்சம் அதிகமா செய்யுற. டீ சாப்பிடுறியா?"

அவள் டீ சாப்பிடவில்லை. இந்த ஆளிடம் போய்ப் பேசினோமே என்று தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளாத குறையாக வெளியே வந்தாள்.

ஆனால் அக்காவை அப்படி விட முடியாது. அக்காவின் மொட்டைமாடியில் இருபத்திரண்டு தொட்டிகள், எல்லாவற்றிலும் கருந்தங்கம். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அக்காவுக்கு அந்தக் கீரைகள்தான் வகுப்பு. வாராவாரம் ஒரு கட்டு தங்கைக்கும் வரும். அக்காவின் பேத்திக்கு இரண்டு வயது. தாய் வேலைக்குப் போவதால் பகலெல்லாம் பாட்டியிடம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தொட்டி மண்ணை அள்ளி வாயில் போடுவதுதான் அந்தக் குட்டிக்குத் தொழில்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது எப்படி ஆரம்பிப்பது என்று படியேறும்வரை யோசித்தாள். மாடிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாடி மொட்டையாக இருந்தது. தொட்டிகள் நின்ற இடத்தில் வட்டம் வட்டமாக வெளிறிய தடங்கள்.

"எங்கக்கா எல்லாம்?"

"அதையேன் கேக்குற. கொசுவாம்!" அக்காவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "செவ்வாய்க்கிழமையே நாலு ஆளைக் கூட்டிட்டு வந்து வாரிக்கிட்டுப் போயிட்டாரு. அரைக்கீரை அன்னிக்குத்தான் பறிக்கப் பக்குவமா இருந்துச்சு, ஒரு கொத்து கிள்ள விடல. தரையை மூணு தடவை கழுவ வச்சாரு. பாப்பாவோட செருப்பைக்கூடத் தூக்கிப் போட்டுட்டாரு. கொசுவுக்கும் செருப்புக்கும் என்ன சம்பந்தம்னு நீயே சொல்லு."

திங்கள் மதியம் அவரிடம் காகிதத்தைக் கொடுத்திருக்கிறாள். செவ்வாய்க் காலை மாடி காலி. அந்த ஆள் படித்திருக்கிறார். ஒவ்வொரு எண்ணையும் படித்து, புரிந்துகொண்டு, நம்பியும் இருக்கிறார். முட்டாள் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தோமே, அது எவ்வளவு மரியாதையான நினைப்பு என்று அவளுக்குத் தோன்றியது.

கீழே கூடத்தில் அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் வந்து நின்றதும் சத்தத்தைக் கூட்டினார்.

"விழா நடக்குமா அத்தான்?"

"ஏன் நடக்காது? உங்கக்கா பாடம் சொல்லிக் கொடுத்த ஸ்கூலும் லிஸ்ட்ல இருக்கு. அவ கையாலதான் முதல் மூட்டை."

அக்கா பூரித்துப்போய் நின்றாள். அந்த முகத்துக்கு எதிரே அமிலத்தின் வாய் முதல் தடவையாக அடைத்துக்கொண்டது. குழந்தை அக்காவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு சொல்லலாம் என்று வந்துவிட்டாள்.

மறுநாள் சரிங்க சார் சான்றிதழை மேசைமேல் வைத்தார். அவள் பேனாவைத் தொடவில்லை.

"ஈரப்பதம் சரியா இருக்கில்ல மேடம்?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"இருக்கு."

"புளிப்பு?"

"இருக்கு."

"அப்புறம் நாம என்ன பொய்யா சொல்றோம்? ஈரப்பதம் சரின்னுதானே சொல்றோம். கேட்டதுக்குப் பதில். ஈயத்தைப் பத்தி நாம ஒரு வார்த்தை பேசலையே!"

"உங்க பேத்திக்கு ஒரு மூட்டை அனுப்பட்டுமா சார்? ஈரப்பதம் பிரமாதம்."

அவர் முகம் ஒரு நொடி கோணியது. பிறகு காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் கையெழுத்தைப் போட்டார். போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனார். நிஜமாகவே குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

அவள் தலைமையகத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பினாள். மூன்றாம் நாள், 'கோப்பில் வைக்கவும்' என்று எழுதித் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை விழா நடந்தது. ஊடகங்கள் வந்தன. சனிக்கிழமை நாளிதழில் அக்கா மண்வெட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சீருடைப் பிள்ளைகள் கை நிறையக் கருந்தங்கத்தை அள்ளி நீட்டிக்கொண்டிருந்தார்கள். குறிப்பு, கோப்பு என்று பத்து நாள் ஓட்டிய தனக்கும் சரிங்க சாருக்கும் எத்தனை அடி தூரம்? அவர் கையையாவது கழுவினார்.

அன்றே உட்கார்ந்து பதினொரு பள்ளிகளுக்கும் கடிதம் எழுதினாள். ஆய்வுக்கூடத்தின் பெயர் அச்சிட்ட முகவரித் தாள், எல்லா எண்களும். கடைசிப் பத்தியில், முந்தைய மூன்று வருடச் சான்றிதழ்களும் தன் கையெழுத்துதான், உலோகம் பார்க்காமல் போட்டவை, அவற்றை நம்ப வேண்டாம் என்றும் எழுதினாள். கணவர் படித்துப் பார்த்தார்.

"கடைசிப் பத்தி வேணுமா? உன்னை நீயே காட்டிக் கொடுக்கிற மாதிரி இருக்கே."

"அது இல்லன்னா மத்ததும் ஈரப்பதம் மாதிரிதான்."

அவர் பதினொரு உறைகளையும் நாக்கால் நனைத்து ஒட்டிக் கொடுத்தார்.

பள்ளிகளிலிருந்து வந்த பதில்கள் அவளுக்கு மனித குலத்தின்மேல் இருந்த மிச்ச மரியாதையையும் கரைத்தன. ஒரு தலைமையாசிரியர், "ஃபோட்டோ பேப்பர்ல வந்தாச்சுங்களே, இனிமே எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?" என்று கேட்டார். இன்னொருவர், காய்கறிக்கு வேண்டாம், அலுவலக வாசலில் ரோஜாவுக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். நான்கு பள்ளிகள் வாயே திறக்கவில்லை. அக்காவின் பழைய பள்ளி மட்டும் அன்றே தோட்டத்துக்குப் பூட்டுப் போட்டது.

பதில்கள் வந்ததற்கு அடுத்த வாரம் திங்கட்கிழமை மாலை அத்தான் அவள் வீட்டுக்கு வந்தார். அவள் குடியிருக்கும் தெருவுக்கு அவர் வந்து ஆறு வருடமாகியிருக்கும். நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"விசாரணை வைக்கிறாங்க. முகவரித் தாளை அனுமதி இல்லாம பயன்படுத்தினேன்னு உன் மேலதான். நான் பேசி வச்சிருக்கேன். மிஷின் புதுசு, எண் தப்பா வந்துருச்சுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடு. ஒண்ணும் ஆகாது. குடும்பம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"ஒரே ஒரு கேள்வி அத்தான். மாடியில இருந்த தொட்டியை ஏன் எடுத்தீங்க?"

"கொசு."

"கொசுவா?"

"கொசுதான்."

அவளுடைய கணவர் உள்ளிருந்து டீ கொண்டுவந்து வைத்தார். "எங்க தெருவுல ரொம்பக் கொசு சகல. சீக்கிரம் கிளம்புங்க, கடிச்சிடப் போகுது" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அத்தான் டீயைத் தொடாமல் எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். பழைய பள்ளியில் யாரோ கடிதத்தைக் காட்டிவிட்டார்கள். முதல் ஐந்து நிமிடம் திட்டினாள்: பொறாமை, சின்ன வயதிலிருந்தே பொறாமை, அவர் நாலு பேருக்கு முன்னால் நல்ல பெயர் எடுத்தால் பொறுக்காது. அமிலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டு தீர்ந்த பிறகு அக்காவின் குரல் சின்னதாகிவிட்டது.

"பாப்பா மண்ணு தின்னுச்சேடி. ரத்தம் எடுத்துப் பாத்தா தெரியுமா?"

வியாழக்கிழமை அக்கா, தங்கை, குழந்தை மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். குழந்தைகள் பிரிவில் ஊசி போடும் செவிலி குழந்தையைப் பார்த்ததும் கன்னத்தைத் தட்டினாள். "அட, குட்டி மறுபடியும் வந்துட்டாங்களா? தாத்தா வரலையா இன்னிக்கு?"

"எந்தத் தாத்தா?" என்றாள் அக்கா.

"போன தடவை கூட்டிட்டு வந்தாரே. ஈயம் பாக்கணும்னு எழுதி எடுத்துட்டு வந்திருந்தாரே. மூணு வாரம் இருக்கும்." செவிலி கணினியைத் தட்டிப் பார்த்துத் தேதியையும் சொன்னாள். தொட்டிகளை எடுத்த மறுநாள் புதன்கிழமை. பூங்காவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன நாள்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அமிலத்துக்குச் சொல்ல ஆயிரம் வந்தது. அக்காவின் கை அவள் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தது. வளையல் அழுந்தி வலித்தது. புதிதாக எடுத்த ரத்தத்தின் முடிவும், பழைய முடிவின் நகலும் மதியத்துக்குள் கிடைத்தன. முன்பு எடுத்ததில், இருக்க வேண்டியதைவிட அதிகம். இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது. மண் போகாமல் பார்த்துக்கொண்டு, நல்ல சாப்பாடு கொடுத்தால் இன்னும் குறையும் என்றார் மருத்துவர்.

வீட்டில் அத்தான் இருந்தார். அக்கா குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, இரண்டு தாள்களையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது நீங்க எடுத்தது. இது நாங்க எடுத்தது. சரியா இருக்கான்னு ஒத்துப் பாருங்க."

"உன்னைப் பயமுறுத்த வேணாம்னுதான்... நம்ம குழந்தைக்குத்தானே பாத்தேன். குடும்பத்துக்காகத்தானே செஞ்சேன்?"

"புதன்கிழமை இதைக் கையில வச்சுக்கிட்டு, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என் கையில மண்வெட்டியைக் கொடுத்தீங்க." அக்கா கத்தவில்லை. முப்பது வருடம் பாடம் நடத்திய குரலில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அந்தப் பிள்ளைங்க 'டீச்சர் டீச்சர்'னு என் கையிலேர்ந்து வாங்குச்சுங்க. நீங்க கைதட்டினீங்க."

விசாரணைக்கு யாரும் கூப்பிடாமலே அக்கா போனாள். குழுவில் மூன்று பேர், நடுவில் இருந்தவர், "உங்களுக்கு இதுல என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டார்.

"முதல் மூட்டையைக் கொடுத்தவ நான். மூட்டையில என்ன இருக்குன்னு தெரிஞ்சே கொடுக்கச் சொன்னவரோட பொண்டாட்டி" என்று சொல்லி இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தாள்.

அதன்பிறகு நடந்தவை அரசாங்கத்துக்கே உரிய லட்சணத்தில் நடந்தன. அத்தான் உடல்நிலை காரணமாக நீண்ட விடுப்பில் போனார். போகும்போது பொன்னாடை போர்த்தினார்கள். பதினொரு பள்ளிகளிலும் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் இல்லை. மண் போட்டுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மூன்று வருடமாக வீடுகளுக்குப் போன பைகளை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அறிவிப்பு வந்தது. அமிலத்துக்கு ஒரு கண்டனக் கடிதமும், குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றல் உத்தரவும் ஒரே உறையில் வந்தன. கண்டனம், முகவரித் தாளைப் பயன்படுத்தியதற்கு. மூன்று வருடம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்கு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அக்கா அதே வீட்டில்தான் இருந்தாள். வேளைக்குச் சோறு போட்டாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

"எப்படிக்கா அந்த ஆளோட இருக்க?"

"நான் எங்கடி அவரோட இருக்கேன்? அவர்தான் என்னோட இருக்காரு. இருக்கட்டும். கஷ்டமாத்தான் இருக்கு அவருக்கு."

பழைய பள்ளியில் மண்ணைத் தோண்டி எடுத்த சனிக்கிழமை இருவரும் போனார்கள். முகமூடி, ரப்பர் கையுறை, முழங்கால்வரை பூட்ஸ். மேல் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டித் தடித்த பையில் போட்டு, வாயைக் கட்டி, மேலே எண் எழுத வேண்டும். பதினாலாவது பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது சரிங்க சார் காரில் வந்து இறங்கினார். கூடவே ஒரு புகைப்படக்காரர்.

"ஆய்வுக்கூடத்தோட விழிப்புணர்வால கண்டுபிடிச்சதுன்னு ஒரு செய்தி போடறாங்க மேடம். நான் மண்வெட்டியோட நடுவுல நிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கம்..."

"வாங்க சார்" என்றாள் அமிலம், மண்வெட்டியை நீட்டி. "கிட்ட வாங்க. ஈரப்பதம் சரியாத்தான் இருக்கு."

அவர் வெட்டிய குழியையும், தன் பாலிஷ் போட்ட காலணியையும் பார்த்தார். நான்கு அடி பின்னால் வைத்தார். பிறகு இன்னும் இரண்டு அடி. புகைப்படக்காரர், சாலையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் சார், நல்ல வெளிச்சம் என்றார். இருவரும் வெளியே போனார்கள்.

அக்கா முகமூடிக்குள் என்னவோ சொன்னாள். நல்ல வார்த்தை இல்லை என்பது மட்டும் தங்கைக்குத் தெரிந்தது. அக்கா அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. அமிலம் குனிந்து பையின் வாயை இழுத்துப் பிடித்தாள். அக்கா அடுத்த வெட்டு மண்ணை உள்ளே தள்ளினாள்.